என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டார்களா?

கேன்சர் என்று தெரிந்ததும் நம்மிடம் கேட்பது பீடி, சிகரெட், வெற்றிலை, குடி. கேட்க வேண்டியதுதான், புகையிலையின் கேட்டை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் சாயல்குடி, கடலாடிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வைத்தியத்துக்குப் போகும் சொந்தக்காரர்களுக்குத் துணையாகப் போய்வரும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. விறகைச் சுட்டு அடுப்புக்கரி எடுக்கும் கரிமூட்டத்தில் பாதி ஆயுளைக் கழித்த மனுஷனின் ஆஸ்பத்திரிச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று இருக்கும். அத்தோடு சரி.

மூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சீமைக்கருவேல விறகை அடுக்கி, தழை போட்டு, மண்ணால் மூடி, தீ வைத்து நாள்கணக்கில் புகைய விட வேண்டும். எங்காவது வெடிப்பு விட்டால் காற்று புகுந்து விறகு சாம்பலாகிவிடும். அதனால் ராத்திரியிலும் ஆள் பக்கத்திலேயே கிடந்து மண் அப்ப வேண்டும். விறகு முழுசாக எரியாமல் வரும் அந்தப் புகையில் பென்சோபைரீன் என்ற ரசாயனம் இருக்கிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகையில், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

இந்தக் கதை 1775-இல் லண்டனில் தொடங்கியது. பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைபோக்கி சுத்தம் செய்கிறவர்களுக்கு விரைப்பையில் புற்று வருவதைக் கவனித்து, உடம்பில் படியும் புகைக்கரிதான் காரணம் என்று எழுதினார். 1915-இல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் திரும்பத் திரும்ப நிலக்கரித் தார் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். தாரிலிருந்து பென்சோபைரீனைப் பிரித்தெடுத்தது 1933-இல். பெர்சிவல் பாட்டிடம் ஆய்வுக்கூடம் இல்லை, வேதியியல் இல்லை. படுத்திருந்த நோயாளி என்ன வேலை பார்த்தான் என்பதை மட்டும் அவர் கவனித்தார்.

டீசல் புகையும் 2012-இல் அதே முதல் வகைக்கு வந்தது. அதற்குப் பெரிய ஆதாரமாக நின்றது அமெரிக்காவில் 8 சுரங்கங்களின் 12,315 தொழிலாளர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு. யார், எந்த இடத்தில், எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்று நிறுவனப் பதிவேட்டில் இருந்ததால் அது நடந்தது. ராமேசுவரம், மண்டபம் விசைப்படகுகளில் என்ஜின் பக்கத்திலேயே கிடப்பவருக்கு எந்தப் பதிவேடு இருக்கிறது? இன்றைக்கு ஒரு படகு, அடுத்த மாதம் இன்னொன்று. மூட்டக்காரருக்கு முதலாளி யார் என்பதே தெளிவில்லை.

நோய் வர இருபது, முப்பது வருஷம்கூட ஆகும். அதற்குள் ஆள் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போயிருப்பார், பழைய வேலை பேச்சிலேயே வராது. பீடி குடித்தார் என்று தெரிந்தால் விசாரணையே முடிந்துவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 1979-இல் வந்த ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் ஆய்வைப் பாருங்கள். புகைப்பழக்கமும் ஆஸ்பெஸ்டாஸும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், நுரையீரல் புற்றால் சாகும் வாய்ப்பு ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் இருந்தவருக்கு சுமார் 5 மடங்கு, புகைப்பவருக்கு சுமார் 10 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கும் மேல். பீடி குடிக்கிறவரிடம்தான் வேலையைப் பற்றி இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும்.

மாநிலம் முழுக்கப் புற்றுநோய்ப் பதிவு நடக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இல்லாத விவரம் அந்தப் பதிவுக்குள் எப்படிப் போகும்? முதலில் பார்த்த வேலை எது, எத்தனை வருஷம், புகையா தூசியா ரசாயனமா என்று சீட்டில் நாலு வரிக்கு இடம் வேண்டும். மீனவர் நலவாரியம், உடலுழைப்புத் தொழிலாளர் நலவாரியம் இரண்டிலும் உறுப்பினர் விவரம் இருக்கிறது, அதைப் புற்றுநோய்ப் பதிவோடு சேர்த்துப் பார்க்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

அதுவரைக்கும், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "ஐயா, இவரு இருபது வருஷம் கரிமூட்டம் போட்டவரு, அதை எழுதிக்கோங்க."