உத்தேசம் முதலில், கூட்டல் பிறகு

நாலாம் வகுப்புக் கணக்கு நோட்டைப் புரட்டினால் இது கண்ணில் படும். "398 + 217, உத்தேச விடை காண்க" என்பது கேள்வி. பிள்ளை பக்க ஓரத்தில் கூட்டி 615 என்று கண்டுபிடித்துவிடும். அதை அப்புறம் 600 ஆக்கி விடையாக எழுதும். டீச்சர் சிவப்பு மையில் சரி போடுவார். அந்தப் பக்கத்தில் உத்தேசம் என்று எதுவுமே நடக்கவில்லை. சரியான விடை தெரிந்த பிறகு அதைத் தேய்த்து மழுப்பியதுதான் நடந்திருக்கிறது.

என் கருத்து இதுதான்: உத்தேசம் கணக்குக்கு முன்னால் வர வேண்டும். பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கணக்கைப் பலகையில் எழுதி, மனசுக்குள் பத்து எண்ணும் நேரம் மட்டும் கொடுங்கள். 550 முதல் 650 வரை எதைச் சொன்னாலும் முழு மதிப்பெண். அதன் பிறகுதான் கூட்ட வேண்டும். 515 என்று விடை வந்தால் நூறுகளில் கை தப்பியது பிள்ளைக்கே தெரிந்துவிடும், யாரும் திருத்த வேண்டாம்.

"5-ம் அதற்கு மேலும் என்றால் கூட்டு, குறைந்தால் விடு" என்ற விதியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் எங்கும் ஒன்றுதான். 447-ஐ நூறுகளுக்கு முழுமையாக்க, அதாவது பக்கத்தில் உள்ள நூறாக மாற்றச் சொன்னால் 447, 450, 500 என்று இரண்டு படி ஏறிவிடுவார்கள். சரியான விடை 400. இதற்கு விதியைத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. ஒரு எண்கோடு வரைந்து 400, 450, 500 மூன்றையும் குறித்து 447 எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேளுங்கள். 3,482-க்கு 3,500 என்று எழுதாமல் 500 என்றோ 35 என்றோ எழுதும் பிள்ளைக்குக் கோளாறு இடமதிப்பில் இருக்கிறது. எண்கோட்டில் 3,400-க்கும் 3,500-க்கும் நடுவில் அதைக் குறிக்கச் சொன்னால் புரிந்துவிடும். 996-ஐப் பத்துகளுக்கு முழுமையாக்கினால் 1,000 வரும் என்பதையும் அங்கேயே காட்டிவிடலாம்.

இந்த விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். வேனுக்குப் பத்துப் பேர், பிள்ளைகள் 43 பேர் என்றால் வேன் ஐந்து வேண்டும். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம், களத்தில் 1,270 கிலோ நெல் என்றால் கணக்கு 31.75 என்று வரும், நிறைந்த சிப்பம் 31தான். ஒன்று மேலே போகிறது, இன்னொன்று கீழே வருகிறது, இரண்டுமே சரி. நம் பக்கம் மூணு மா ஒரு ஏக்கர் என்பார்கள். குழிக்கு 144 சதுர அடி, மாவுக்கு 100 குழி என்றால் மூணு மா 43,200 சதுர அடி. ஏக்கர் 43,560. விடுபட்ட 360 சதுர அடி யூரியா போடும்போது ஒரு பொருட்டே இல்லை, கிரயப் பத்திரத்தில் அதை விட்டுவிட முடியாது. ஐந்தாம் வகுப்பில் இந்த ஒரு கணக்குக்கே ஒரு பீரியட் ஒதுக்கலாம்.

முழுமையாக்கினால் பிழை எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை. 45 × 65 என்பதில் இரண்டையும் மேலே ஏற்றினால் 50 × 70 = 3,500. உண்மை விடை 2,925. ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கினால் 50 × 60 = 3,000, பக்கத்தில் வந்துவிடும். கழித்தலில் இது தலைகீழ். 651 − 249 நூறுகளில் 700 − 200 = 500 ஆகிறது, உண்மை விடையோ 402. ஒன்று ஏறி மற்றது இறங்கியதால் இடைவெளி அகன்றுவிட்டது. இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்தினால், 600 − 200, 400. வகுத்தலில் விதியையே மறந்துவிடலாம். 1,738 ÷ 6-க்கு 1,700 உதவாது, ஆறாம் வாய்ப்பாட்டில் வரும் 1,800-ஐ எடுத்தால் 300 என்று உடனே சொல்லலாம்.

மளிகைச் சீட்டிலும் இதே கதைதான். 45, 25, 35, 65, 15 ஐந்தையும் ஏற்றினால் 210 ரூபாய், உண்மைத் தொகை 185. பத்துகளை மட்டும் கூட்டி 160 என்று வைத்துக்கொண்டு, ஐந்து ஐந்துகள் 25 என்று சேர்ப்பது நல்ல வழி. (கடையில் போனை நீட்டிப் பணம் கட்டும் வீடுகளில் இந்தப் பழக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. சீட்டைப் பிள்ளை கையில் கொடுத்து, பில் வருவதற்கு முன் தொகையைச் சொல்லச் சொல்லுங்கள்.)

பின்னம் வரும்போது இந்தக் குறை பெரிதாகிவிடும். அமெரிக்காவில் 1978-ல் நடந்த தேசியக் கல்வி மதிப்பீட்டில் 12/13 + 7/8 எதற்கு அருகில் என்று கேட்டு 1, 2, 19, 21 என்ற எண்களைக் கொடுத்தார்கள். 13 வயதுப் பிள்ளைகளில் 2 என்று சொன்னவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி. இரண்டுமே ஏறக்குறைய 1 என்று முதலில் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு இந்தத் தவறு வராது.

வகுப்பை விட்டு வெளியே வந்தால் டெல்டா முழுக்கக் கணக்குதான். நடவு முடிந்த வயலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சதுரத்தை மூன்று இடத்தில் வைத்துக் குத்துகளை (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுகள் ஒரு குத்து) எண்ணச் சொல்லுங்கள். வரப்போரத்தில் மட்டும் வைத்தால் உள்வயல் எப்படி என்று தெரியாது. 31, 36, 34 வந்தது என்று வையுங்கள். 30 + 40 + 30 = 100, மூன்றால் வகுத்தால் 33. ஏக்கர் 4,047 சதுர மீட்டர், அதை 4,000 என்று எடுத்தால் 1,32,000 குத்து. சில பிள்ளைகள் தசமத்தையும் பெருக்கி 1,34,667 என்று எழுதுவார்கள். அதை ஏற்க வேண்டாம், மூன்று சதுரம் எண்ணியதை வைத்துக் கடைசி 7 வரை யாராலும் சொல்ல முடியாது. குறைந்தது 31 × 4,000, அதிகம் 36 × 4,000, எனவே 1,24,000-க்கும் 1,44,000-க்கும் நடுவில் என்பதுதான் நேர்மையான விடை. 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடும் திருந்திய நெல் சாகுபடி வயலில் சதுரத்துக்கு 16 குத்து, ஏக்கருக்கு எவ்வளவு என்று அடுத்துக் கேளுங்கள்.

ஐந்தாம் வகுப்புக்கு மேட்டூர் அணைச் செய்தி போதும். முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). வினாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்கப் போனால் ஒரு டிஎம்சி, இதை 12,000 என்று வைத்துக்கொள்ளலாம். 18,000 கனஅடி திறந்தால் நாளைக்கு ஒன்றரை டிஎம்சி, 93.47-ஐ 90 என்று எடுத்து ஒன்றரையால் வகுத்தால் 60 நாள். பிறகு அணைக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் நாள் கூடுமா குறையுமா, முழுக்க வடிக்காமல் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டு, இரண்டாவது உத்தேசத்தை 60-க்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.