நாமும் போய்ச் சம்மணமிட்டு உட்கார வேண்டும்

மார்கழி பிறந்தால் போதும், வருடாவருடம் ஒரு காணொளி சுற்றுக்கு வந்துவிடும். வெள்ளைக்காரர் ஒருவர் வேட்டி கட்டிக்கொண்டு ஒரு கீர்த்தனை பாடுவார். கீழே நூற்றுக்கணக்கில் வாழ்த்துகள், "நம் இசையின் பெருமையைப் பாருங்கள்" என்று. எனக்கும் மனம் நெகிழத்தான் செய்கிறது. ஆனால் சில வருடங்களாக அந்த நெகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. அவர்கள் இங்கே வந்து உட்கார்ந்து நம்முடையதைக் கற்கிறார்கள். நாம் எங்கே போய், யாருடையதைக் கற்றோம்?

கலை உலகத்தை இணைக்கும் என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் முழு மனதோடு நம்புகிறேன். ஒருவர் இன்னொருவர் முன்னால் மாணவராக உட்கார்ந்து, தப்பாக வாசித்து, திருத்தப்பட்டு, மறுநாளும் வந்து உட்காரும்போதுதான் அது நடக்கிறது என்பது என் கருத்து. மற்ற நேரத்தில் நடப்பது கைதட்டல். அதுவும் நல்லதுதான், ஆனால் அது வேறு.

சிறுவயதில் கும்பகோணத்தில் வயலின் கற்றேன். முதல் நாள் என் வாத்தியார் என்னைத் தரையில் உட்காரவைத்து, வலது காலைச் சற்று நீட்டச் சொல்லி, வயலினின் சுருள் முனையைக் கணுக்காலில் பொருத்தினார். மறுமுனை நெஞ்சில் சாய்ந்து நின்றது. அது இத்தாலியில் உருவாகி நின்றபடி வாசிக்கப்பட்ட வாத்தியம் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. தெரிந்த பிறகு ஒவ்வொரு முறை அப்படி உட்காரும்போதும் வியப்பாக இருந்தது. மோவாயால் இடுக்கிப் பிடிக்கும் வேலை இல்லாததால் இடது கை விடுதலையாகிறது. விரல் தந்தி மேல் வழுக்கி ஓட முடிகிறது. சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் பிறப்பது அந்த வழுக்கலில்தான். தந்திகளின் சுருதியையும் மாற்றிவிட்டார்கள். ஐரோப்பியர் நான்கு தந்திக்கு நான்கு வேறு சுரங்கள் வைப்பார்கள். நம்மவர்கள் ச-ப-ச-ப என்று வைத்துக்கொண்டார்கள்.

இது எப்படி நடந்தது? சுமார் 200 வருடங்களுக்கு முன் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில், சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் மாணவராகச் சேர்ந்தார். சுமார் மூன்று வருடம் பாடம் கேட்டார் என்பார்கள். ராமசுவாமி தீட்சிதரின் மகன், ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர் வீட்டுப் பிள்ளை, ஓர் அந்நியரிடம் அடிப்படைப் பாடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். பெரியவர் முத்துசுவாமி தீட்சிதரோ சென்னைக் கோட்டையின் ஆங்கிலேய பேண்டில் ஒலித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் எழுதினார். நோட்டு சுவரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறோமே, அவைதான். இங்கிலாந்து அரசருக்கான வாழ்த்துப்பாட்டின் மெட்டு கூட அதில் உண்டு. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வயலினில் பெற்ற தேர்ச்சியைப் பார்த்து, 1834-ல் திருவிதாங்கூரின் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பாருங்கள். நம் மரபின் தூண் என்று நாம் நினைப்பதைக் கொண்டுவந்தவர்கள், அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்காரக் கூச்சப்படாதவர்கள்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். கலிஃபோர்னியாவில் மேண்டில் ஹூட் என்ற பேராசிரியர் 1960-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். இரண்டு மொழி பேசுகிறவர் இருப்பதுபோல இரண்டு இசை பேசுகிறவரும் இருக்க முடியும். ஓர் இசையைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் அதை இசைக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அவருடைய மாணவர் ராபர்ட் பிரவுன், வீணை தனம்மாளின் பேரன் டி. ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றார். பின்பு அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு ரங்கநாதனையே ஆசிரியராக அழைத்துக்கொண்டார். அங்கே படித்த ஜான் ஹிக்கின்ஸ் 1964-ல் சென்னைக்கு வந்து, ரங்கநாதனின் சகோதரர் டி. விஸ்வநாதனிடம் வாய்ப்பாட்டு கற்று, திருவையாற்று ஆராதனையில் பாடினார். ரசிகர்கள் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே அழைத்தார்கள். 1984-ல் ஒரு விபத்தில் இறந்தபோது அவருக்கு 45 வயதுதான். அவருடைய பழைய ஒலிப்பதிவுகளில் நான் முதலில் கவனிப்பது குரலை அல்ல, நிதானத்தை. அவசரமே இல்லாத அந்த விளம்ப காலம் வருடக்கணக்கில் உட்கார்ந்து கேட்டவருக்கு மட்டுமே வரும்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. பணம் சேர்த்து, இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவுக்குப் போனேன். வெண்கல வாத்தியங்களைக் குழுவாகச் சேர்ந்து வாசிக்கும் ஜாவாவின் கமெலான் கற்க. ஒரே ஊர், ஒரே ஆசிரியர், சுற்றுலா இல்லை. "போரோபுதூர் கூடப் பார்க்கவில்லையா" என்று வீட்டில் இன்றும் கேட்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், சரி. ஆனால் என் நினைவில் நிற்பது வெண்கலக் கட்டைகள்தான்.

ஆசிரியரை அங்கே "பாக்" என்று கூப்பிடுவார்கள். அப்பா, ஐயா இரண்டும் அதில் அடங்கும். முதல் பாடம்: செருப்பைக் கழற்று, எந்த வாத்தியத்தையும் தாண்டிக் குதிக்காதே, சுற்றிப் போ. கும்பகோணத்தில் தம்பூராவைத் தாண்டியதற்கு நான் வாங்கிய திட்டு ஞாபகம் வந்தது. அப்புறம் வெண்கலக் கட்டைகள் வரிசையாக அமைந்த சாரோன் என்ற வாத்தியத்தின் முன்னால் உட்காரவைத்தார். வலது கையில் மரச்சுத்தியல். ஒரு கட்டையைத் தட்ட வேண்டும். அடுத்ததைத் தட்டும் அதே கணத்தில், முந்தையதை இடது கையால் பிடித்து ஓசையை அடக்க வேண்டும். வலது கை எப்போதும் முன்னால் போகிறது, இடது கை அதன் பின்னாலேயே வருகிறது. இந்த ஒன்று கைக்கு வர எனக்கு ஐந்து நாள் ஆனது.

சுரங்களை எண்களாகப் பாடுகிறார்கள். எண்ணின் பெயரைச் சுருக்கி, ஜி, ரோ, லு, மோ, நெம். நம் சரிகமபதநி போலவே. ஸ்லெண்ட்ரோ என்ற ஐந்து சுர வரிசையைக் கேட்டதும் "நம் மோகன ராகம்" என்று மனம் துள்ளியது. துள்ளிய வேகத்திலேயே இடறியது. மோகனம் இல்லை. ஒவ்வொரு சுரமும் நான் எதிர்பார்த்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அந்த இடத்தில் இல்லை. சுருதி சேரவில்லையோ என்று முதல் வாரம் முழுக்கத் தவித்தேன். பிறகுதான் புரிந்தது, ஒவ்வொரு கமெலான் தொகுதிக்கும் அதற்கே உரிய சுருதி உண்டு. ஒரு தொகுதியிலிருந்து ஒரு வாத்தியத்தை எடுத்து இன்னொன்றில் வைக்க முடியாது. ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி அவை சேர்ந்தே பிறந்து, சேர்ந்தே இருக்கின்றன. எது சரியான சுருதி என்று இத்தனை வருடம் நான் நிச்சயமாக நம்பியிருந்த ஒன்று, அந்த அறையில் பல சரிகளில் ஒன்றானது. அதனால் என் காது கெட்டுப்போகவில்லை, அகலமானது.

தாளம்தான் பெரிய அதிர்ச்சி. நம் தாளத்தில் சமம் என்பது சுற்றின் தொடக்கம். முதல் தட்டில்தான் எல்லாம் வந்து இறங்கும். ஜாவாவில் தாளச் சுற்றின் கடைசி எண்ணிக்கையில் கோங் என்ற பெரிய வெண்கலத் தட்டு ஒலிக்கிறது. பதினாறு எண்ணினால் பதினாறாவதில்தான் கனம். இசை எங்கிருந்து புறப்பட்டது என்பதைவிட எங்கே போய்ச் சேருகிறது என்பதை நோக்கியே நகர்கிறது. என் உடம்பு ஒன்றாவது எண்ணில் சாயும். பாக் எதுவும் சொல்லாமல் கோங் இருக்கும் பக்கம் கையைக் காட்டுவார். மூன்றாவது வாரத்தில் ஒருநாள், எண்ணாமலேயே, கோங் வரப்போவதை முதுகில் உணர்ந்தேன். கண் கலங்கிவிட்டது.

"நம்முடையதே அழிந்துகொண்டிருக்கிறது, அடுத்தவருடையது எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் கதவை மூடிய அனுபவமும் நமக்கு உண்டு. 1940-ல் அகில இந்திய வானொலி, வெளியிலிருந்து வந்த ஹார்மோனியத்தைத் தடை செய்தது, அந்தத் தடை தளர 1971 வரை ஆனது. அந்த முப்பது வருடத்தில் நம் இசை கூடுதல் தூய்மை அடைந்துவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா? நாடக மேடையில் அந்தப் பெட்டியோடு வாழ்ந்த எத்தனையோ கைகளுக்கு வானொலி நிலையத்தில் இடமில்லாமல் போனது என்பதுதான் மிச்சம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கற்றுக்கொள்ளக் கடல் தாண்டத்தான் வேண்டும் என்பதில்லை. சபாவில் முப்பது வருடம் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் ஒரு பறை ஆசான் முன்னால் உட்கார்ந்து ஓர் அடியாவது கற்றிருக்கிறோம்? தீ மூட்டிப் பறையைக் காய்ச்சுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோமா? யோக்யகர்த்தாவுக்கு விமானச் சீட்டு எடுத்த நானே அதைச் செய்யாமல் இருந்தேன். திரும்பி வந்தபின் ஆறு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். பக்கத்துத் தெருவுக்கும் நமக்கும் இருக்கும் தூரம் சில நேரம் ஜாவாவைவிட அதிகம், அதை நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம்.

வெளிநாடு போக வசதி உள்ளவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பத்து நாளில் ஆறு நாடு வேண்டாம். ஒரே ஊரில் தங்கி, சமையலோ நெசவோ பாட்டோ, சொல்லித்தரும் ஒருவரைத் தேடிக் கற்றுக்கொள்ளுங்கள். சபா நடத்துகிறவர்கள், வெளியிலிருந்து வருகிற கலைஞரை ஒரு மாலை மேடையேற்றி அனுப்பிவிடாமல், ஒரு மாதம் இருத்தி நம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் பாக் என்னிடம், "உன்னுடையதில் ஒன்றைக் கற்றுக்கொடு" என்றார். எழுபது வயதை நெருங்கியவர் என் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஆதி தாளம் காட்டினேன். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. கவனமாகப் போட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் தலை அசைந்தது எட்டாவதில், கடைசி வீச்சில். நான் மெல்ல முதல் தட்டைக் காட்டினேன். "ஓ, இங்கேயா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.