நிலக்கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீர்

மகள் கடலூரில் கல்லூரி முதலாண்டு படிக்கிறாள். போன வாரம் சுற்றுச்சூழல் அறிவியல் தேர்வுக்காக உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். நிலக்கரி புதுப்பிக்க இயலாத வளம், நிலத்தடி நீர் புதுப்பிக்கத்தக்க வளம். இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம், தனித்தனி ஐந்து மார்க் கேள்வி.

"நம்ம ஊர்ல இது ரெண்டும் எங்க இருக்குன்னு தெரியுமா பாப்பா?" என்று கேட்டேன்.

"அது சிலபஸ்ல இல்லப்பா" என்றாள்.

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மனசு ஆறவில்லை, எழுதிவிடுகிறேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்கள் கொல்லையில் தாத்தா போட்ட போர் (ஆழ்துளைக் கிணறு) ஒன்று இருந்தது. மோட்டார் கிடையாது, கைப்பிடி கிடையாது. இடுப்புயர இரும்புக் குழாய், அவ்வளவுதான். அதன் வாயிலிருந்து இரவும் பகலும் தண்ணீர் தானாக வழியும். உள்ளங்கையால் அழுத்தி மூடினால் கையைத் தள்ளிக்கொண்டு விரலிடுக்கில் பீய்ச்சியடிக்கும். லேசான வெதுவெதுப்பு, இரும்பு வாசனை. பாட்டி அதில்தான் குடம் வைப்பார்.

அந்தத் தள்ளல் மேற்கே இருந்து வருகிறது. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேட்டில் பெய்யும் மழை, முந்திரித் தோப்பு மண்ணில் இறங்கி மணற்பாறைக்குள் போகிறது. அந்தப் பாறைக்குப் புவியியலில் பெயரே கடலூர் மணற்கல்தான். களிமண் அடுக்குக்குக் கீழே சிக்கிய தண்ணீர் கடலைப் பார்த்துச் சரிய, மேட்டின் உயரம் அதற்கு அழுத்தம் கொடுக்கிறது. துளை போட்ட இடத்தில் பொங்குகிறது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைக் காட்டிக்கொடுத்ததே இந்தத் தண்ணீர்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது, பொங்கிய நீரோடு கறுப்புத் துகள்களும் வந்தன. அதை வெட்டியெடுக்க 1956-இல் என்.எல்.சி. நிறுவனம் தொடங்கியது. 1957-இல் சுரங்கப் பணி ஆரம்பமானது. நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். அதனால் அங்கே நீர் இறைப்பதை நிறுத்தவே முடியாது. ஒரு டன் நிலக்கரி வெளியே வரப் பல டன் தண்ணீர் வெளியே வருகிறது.

அந்த நீர் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். அனல்மின் நிலையம் எடுத்துக்கொள்கிறது, வாலாஜா ஏரிக்குப் போகிறது, வயலுக்கும் பாய்கிறது. ஆனால் அந்த ஆழத்துத் தண்ணீர் போன வருஷத்து மழை இல்லையே! இறங்குகிற வேகத்தைவிட எடுக்கிற வேகம் கூடினால், தண்ணீரும் நிலக்கரி மாதிரி தீர்ந்துபோகிற சரக்குதான். "புதுப்பிக்கத்தக்க" என்பது தண்ணீரின் பிறவிக் குணம் இல்லை, நாம் எடுக்கும் வேகத்தைப் பொறுத்தது. இந்த ஒரு வரி புரிந்தால் அந்தப் பாடத்தில் பாதி புரிந்த மாதிரி. எங்கள் மாவட்டத்தில் கரண்டும் தண்ணீரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேனை நான் நிறுத்தும்போது எனக்குப் பாட்டியின் குடம்தான் ஞாபகம் வரும்.

எங்கள் குழாய் எப்போதோ நின்றுபோனது. சுற்றிலும் போர்கள் பெருகின, நாங்களும் மோட்டார் போட்டோம், அப்புறம் அதையும் இன்னும் ஆழத்துக்கு இறக்கினோம்.

இந்தப் பாடம் சும்மா வந்துவிடவில்லை. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக ஆனது. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வகுத்த பாடத்திட்டத்தில் களப்பணிக்கென்றே 5 மணி நேரமும் 100-க்கு 25 மார்க்கும் ஒதுக்கியிருந்தார்கள். உள்ளூர் ஆறு, ஏரி, மலையை நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது அதன் நோக்கம். என் மகளின் வகுப்பில் நடந்தது வேறு. சீனியர்களின் பழைய ரெக்கார்டு கைமாறியது, பிள்ளைகள் ஒரே இரவில் பார்த்து எழுதினார்கள், கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். அதில் இருந்தது எந்த ஆறு தெரியுமா? கங்கை! எங்கள் கெடிலம் ஆறு கல்லூரியிலிருந்து பஸ்ஸில் போனால் பத்து நிமிஷம்.

ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அந்த 5 மணி நேரத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு மழை நாளில் முந்திரித் தோப்பில் நிற்க வையுங்கள், செம்மண் எவ்வளவு சீக்கிரம் தண்ணீரைக் குடிக்கிறது என்று பார்க்கட்டும். பெருமாள் ஏரிக் கரையில் நடக்கட்டும். தங்கள் தெருவில் எத்தனை போர், எத்தனை அடி, முதலில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதட்டும். பெரியவர்கள் உட்கார வைத்துச் சொல்வார்கள்.

எங்கள் கொல்லையில் அந்த இரும்புக் குழாய் துருப்பிடித்து இன்னும் நிற்கிறது. மகளைக் கூட்டிப்போய் அதன் வாயில் கை வைக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் கையை எடுக்காமல் நின்றாள். மாணவர்களை அழைத்துவர விரும்பும் ஆசிரியர்கள் எந்தச் சனிக்கிழமையும் வரலாம். மோர் கரைத்து வைக்கிறோம்.