900ஆல் வகுத்தால் மட்டும் போதாது

விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதால், தூரத்தை 900ஆல் வகுத்தால் பயண நேரம் வந்துவிடும் என்று விமானப் பயணம் பற்றிய உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். நம்ம மதுரையையே எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து துபாய்க்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 2,950 கிலோமீட்டர், உங்கள் கணக்குப்படி மூணேகால் மணி நேரம்தான். ஆனால் விமானம் ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவதற்கு வேகத்தைக் குறைப்பது, அப்புறம் மேற்கே போகும்போது பெரும்பாலும் எதிர்க்காற்று, எல்லாம் சேர்ந்து நாலு மணி நேரத்தைத் தொட்டுவிடும்.

அதைவிடப் பெரிய குழப்பம் கடிகாரத்தில். டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். பகல் 12.00க்குக் கிளம்பி 2.30க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அதையும் கூட்டி நாலு மணி நேரம் என்று எடுக்க வேண்டும். திரும்பி வரும்போது அதே ஒன்றரையைக் கழிக்க வேண்டும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் மகனை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள், இரண்டரை மணி நேரத்தில் போன் வரவில்லையே என்று பதறிப்போகிறார்கள், பாவம். வழியனுப்பும்போதே "நம்ம நேரத்துக்கு நாலு மணிக்குத்தாம்மா இறங்குவான், வெளியே வந்து பேச இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்" என்று யாராவது சொல்லிவிட வேண்டும்.

சிங்கப்பூரும் இங்கிருந்து கிட்டத்தட்ட அதே தூரம்தான், 3,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், அதனால் கணக்கு அப்படியே தலைகீழ். இந்த இரண்டு ஊரையும் உதாரணமாகக் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.