ஓட்டுக் கட்டங்கள் ஆமையின் வயதைச் சொல்லாது

“கடல் ஆமையின் ஓட்டிலுள்ள கட்டங்களை எண்ணினால் வயது தெரிந்துவிடும். எல்லா ஆமைகளும் ஆண்டுதோறும் ஒரே ஒரு முறை முட்டையிடும்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் படத்துடன் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பேராமை (green turtle) என்ற கடல் ஆமை இனத்தின் குஞ்சு மணலைவிட்டு வெளியே வரும்போதே அதன் ஓட்டின் இரு பக்கமும் பொதுவாக நான்கு நான்கு பெரிய கட்டங்கள் இருக்கும். அது வளர்ந்து முட்டையிட வரும்போதும் அதே நான்குதான். கட்டம் பெரிதாகுமே தவிர எண்ணிக்கை கூடாது. ஏழுவரி ஆமை (leatherback) என்ற இன்னோர் இனத்துக்கோ கட்டங்களே கிடையாது, தோல்தான். இறந்த ஆமைகளின் முன்துடுப்பு எலும்பை மெல்லிய சீவலாக வெட்டி, அதிலுள்ள வளர்ச்சிக் கோடுகளை வைத்துத்தான் ஆய்வாளர்கள் வயதைக் கணிக்கிறார்கள்.

முட்டையிடுவதும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இல்லை. பேராமை பெரும்பாலும் 2 முதல் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கரைக்கு வரும். வரும் பருவத்தில், ஏறக்குறைய இரண்டு வார இடைவெளியில் பலமுறை முட்டையிடும். துடுப்பில் அடையாள வில்லை பொருத்தி, மீண்டும் வரும்போது பதிவு செய்தே இது தெரியவந்தது. கோஸ்டா ரிகாவின் டோர்டுகேரோ கடற்கரையில் 1955 முதல் இந்தப் பணி நடக்கிறது.

எனக்குக் கவலை தருவது இரண்டாவது பொய்தான். அதை நம்பினால், ஒரு பருவத்துக் கூடுகளின் எண்ணிக்கையையே ஆமைகளின் எண்ணிக்கையாகக் கொண்டு, அந்தப் பருவத்தில் முட்டையிட வந்ததைவிடப் பல மடங்கு ஆமைகள் வந்ததாக நினைத்துவிடுவோம்.

அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் (NOAA) மீன்வளப் பிரிவு தன் இணையதளத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் தனிப்பக்கம் வைத்திருக்கிறது, சரிபார்க்கலாம். அந்தப் படம் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள்; அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.