அந்த வெற்றிடத்தை நான் நிரப்பப் போவதில்லை

முகத்துக்குப் பதிலாக என் ஓராண்டு அன்றாடத்தின் தரவுகளைக் கொண்டு நான் வரைந்த சுயசித்திரத்தை, அதில் சில வாரங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன என்று நடுவர் குழு திருப்பி அனுப்பிவிட்டது. 'தரவு விடுபட்டுள்ளது, சரிசெய்து அனுப்பவும்' என்று அவர்கள் எழுதிய வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். எதுவும் விடுபடவில்லை, நான்தான் விட்டேன். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று வரைபவர் தீர்மானிப்பதால்தான் அது சுயசித்திரம் ஆகிறது. அந்த உரிமையைப் பிடுங்கிக்கொண்டால் மிஞ்சுவது மருத்துவப் பரிசோதனை அறிக்கை மட்டுமே.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக: ஒரு நாளுக்கு ஒரு வளையம் என்று உள்ளிருந்து வெளியே ஓராண்டு விரிகிறது, ஒவ்வொரு வளையமும் 24 மணி நேரம். தூக்கம் கருநீலம், தனிமை சாம்பல், பிறரோடு பேசிய பொழுதுகள் மஞ்சள் புள்ளிகள். புள்ளியின் ஆரத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும், கண்ணோ பரப்பைத்தான் பார்க்கும் என்பதால், பேசிய நேரத்துக்கு ஏற்பப் பரப்பைக் கணக்கிட்டு ஒவ்வொரு புள்ளியையும் வைத்தேன். இவ்வளவு மெனக்கெட்ட ஒருவருக்கு நடுவில் சில வளையங்கள் வெறுமையாகக் கிடப்பது தெரியாமல் போயிருக்கும் என்று எப்படித்தான் நினைத்தார்களோ!

அவை அப்பா படுக்கையில் கிடந்த வாரங்கள். கடிகாரம் கையில்தான் இருந்தது. என் தூக்கத்தையும் இதயத் துடிப்பையும் அது ஒன்றுவிடாமல் பதிந்துகொண்டுதான் இருந்தது, கோப்பும் பத்திரமாக இருக்கிறது. அந்த வாரங்களை மட்டும் நீக்கிவிட்டு வரைந்தபோது மென்பொருள் அந்த இடத்தில் சுழியம் போட்டது, அதாவது நான் அந்த இரவுகளில் கண்ணையே மூடவில்லை என்றது. சுழியம் என்பது ஒரு தகவல், வெற்றிடம் என்பது தகவல் தர மறுப்பது. இரண்டையும் பிரித்துக் காட்ட அந்த மென்பொருளோடு நான் பட்ட பாடு தனிக்கதை. இப்போது நடுவர் ஒருவர் 'முன்பின் வாரங்களின் சராசரியை இட்டு நிரப்பலாமே' என்று அன்போடு யோசனை சொல்கிறார். அப்பாவின் கட்டிலருகே நான் சராசரியாக உட்கார்ந்திருந்தேன் என்று வரைய வேண்டுமாம்.

'முகமே இல்லாத படம் எப்படிச் சுயசித்திரமாகும்' என்று இன்னொருவர் கேட்டார். அமெரிக்காவில் 2002-ல் விமான நிலையத்தில் தவறான சந்தேகத்தின் பேரில் விசாரிக்கப்பட்ட கலைஞர் ஹசன் இலாஹி, அதன்பின் தான் இருக்கும் இடம், உண்ட உணவு, சென்ற கழிப்பறை என எல்லாவற்றையும் தானே படம்பிடித்து இணையத்தில் கொட்டினார்; அவற்றில் அவர் முகத்தைத் தேடினால் கிடைக்காது. வடிவமைப்பாளர் நிக்கலஸ் ஃபெல்டன் 2005 முதல் 2014 வரை தன் வாழ்வை ஆண்டறிக்கைகளாக வடிவமைத்தார். அவற்றுள் 2010-ஆம் ஆண்டுக்கானது, அவர் தந்தை விட்டுச்சென்ற ஆவணங்களைக் கொண்டு அந்தத் தந்தையைப் பற்றியே செய்தது. தகவல் வடிவமைப்பாளர்களான ஜார்ஜியா லூப்பியும் ஸ்டெஃபனி பொசாவெக்கும் 52 வாரங்கள் தங்கள் அன்றாடத்தைக் கையால் வரைந்து அஞ்சலட்டைகளாகப் பரிமாறிக்கொண்டார்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. வாரத்துக்கு ஒரு விஷயத்தை எடுத்து எண்ணினார்கள் என்றால், மற்றவற்றை அந்த வாரம் விட்டார்கள் என்றுதானே பொருள்?

தற்பெருமை என்பவர்களுக்கு: டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் தன்னையே ஏறக்குறைய 80 முறை வரைந்திருக்கிறார், முதலில் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். என்னோடு பேசியவர்களின் நேரமும் அதில் இருக்கிறதே என்பவர்களுக்கு: பெயர் எதுவும் இல்லை, அது போதும். இயந்திரமே இதை நொடியில் வரைந்துவிடும் என்பவர்களுக்குத்தான் என் கோபம் முழுவதும். வரையட்டும், என்னைவிட அழகாகவே வரையட்டும். எந்த வாரத்தைத் தொடக்கூடாது என்று அதற்கு யார் சொல்லித் தருவார்கள்? என் அப்பாவின் கடைசி நாள்களையும் என் காலடிக் கணக்கையும் அது ஒரே கோப்பின் இரண்டு நெடுவரிசைகளாகத்தானே பார்க்கும்?

உண்மையில் என்னைப் புண்படுத்தியது 'தரவு விடுபட்டுள்ளது' என்ற அந்த வரிகூட இல்லை. அதை எழுதியவர்கள் சென்ற ஆண்டு இறுதியில் இசைச் செயலியான ஸ்பாட்டிஃபை, அவர்கள் கேட்ட பாடல்களை எண்ணி வரைந்து கொடுத்த 'உங்கள் ஆண்டு' படங்களைத் தங்கள் பக்கங்களில் பெருமையோடு பகிர்ந்தார்கள். எதை எண்ணுவது, எந்த வண்ணம் பூசுவது, எந்தப் பெருமையை முதலில் சொல்வது என்று எல்லாவற்றையும் ஒரு நிறுவனம் தீர்மானித்து, அவர்கள் கையில் அவர்களுடைய உருவத்தைத் திணித்தது. அதை மறுபேச்சின்றி ஏற்றார்கள். டிசம்பர் வாக்கிலேயே வெளிவந்துவிடும் அந்த ஆண்டுக் கணக்கில் டிசம்பரின் பெரும்பகுதி எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. திருத்தித் தரச் சொல்லி அங்கேயும் ஒரு வரி எழுதியிருக்கலாமே.