பழைய பில்லிங் சாப்ட்வேருக்கு மொபைல் ஆப் போடப் போகிறீர்களா?

பாண்டி நேரு வீதியிலோ கடலூர் முதுநகரிலோ ஏதாவது ஒரு மொத்த வியாபாரக் கடையின் கல்லாவை எட்டிப் பாருங்கள். மைக்ரோசாப்டின் பழைய புரோகிராமிங் மொழிகளான விஷுவல் பாக்ஸ்ப்ரோவிலோ விஷுவல் பேசிக் 6-லோ (விபி 6) எழுதிய பில்லிங் சாப்ட்வேர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். விபி 6 வந்தது 1998-ல். பாக்ஸ்ப்ரோவுக்கு இனிப் புதுப் பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாப்ட் 2007-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் கணக்கு பிசகுவதில்லை, கவுண்டரில் உட்காரும் பெண் கீபோர்டைப் பார்க்காமலே பில் போடுகிறார். முதலாளி கேட்பது ரொம்பச் சின்ன விஷயம்: வீட்டிலிருந்தே போனில் ஸ்டாக்கும் பாக்கியும் தெரியணும், லைனுக்குப் போகிற சேல்ஸ்மேன் அங்கிருந்தே ஆர்டர் போடணும்.

இதைக் கேட்டதும் நம் பையன்கள் உட்கார்ந்து ஸ்கிரீன் டிசைன் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஸ்கிரீன் கடைசி வேலை. பழைய சாப்ட்வேரில் வியாபார விதிகள் பெரும்பாலும் டேட்டா சேமிக்கும் டேபிளில் இருக்காது, 'சேவ்' பட்டனுக்குப் பின்னால் எழுதிய கோடில் ஒளிந்திருக்கும். அதை ஒருமுறை அழுத்தினால் பில் பதியும், ஸ்டாக் கழியும், பார்ட்டி பாக்கி கூடும், கிரெடிட் லிமிட் தாண்டினால் பில் நிற்கும், ஏஜென்ட் கமிஷன் இன்னொரு டேபிளில் போய் விழும். புது ஆப் அந்தப் பட்டனைச் சுற்றிக்கொண்டு நேராக டேபிளில் எழுதினால், பில் மட்டும் பதியும். மற்றதெல்லாம் அப்படியே கிடக்கும். குடோனில் மூட்டை எண்ணும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

அதனால் என் கட்சி இது: ஆரம்பத்தில் புது ஆப் படிக்க மட்டும் செய்யட்டும், எழுதவே கூடாது. அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் டேபிளைப் படிக்க வேண்டாம். ஷேர் போல்டரில் கிடக்கும் டிபிஎஃப் கோப்பை (பாக்ஸ்ப்ரோவின் டேபிள் அதுதான்) வியாபார நேரத்தில் இன்னொரு புரோகிராம் போய்த் திறந்தால் 'ஃபைல் இன் யூஸ்' என்று கவுண்டர் நின்றுபோகும். எழுதிக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க் அறுந்தால் இண்டெக்ஸ் கெட்டுப்போகும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாறிய ரெக்கார்டுகளை மட்டும் எடுத்து, வெளியே ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் சர்வருக்கு அனுப்புகிற சின்ன சர்வீஸ் போதும். முதலாளியின் போன் அந்த நகலைப் பார்க்கட்டும். பத்து நிமிடம் பழைய ஸ்டாக்கைப் பார்ப்பதால் யாருடைய குடியும் முழுகிவிடாது.

ஆர்டர் எழுதும் கட்டம் வரும்போது தனியாக ஒரு 'வந்த ஆர்டர்' டேபிள் வையுங்கள். போனிலிருந்து வருவது அதில் மட்டும் விழட்டும். பழைய ஸ்கிரீனில் ஒரே ஒரு பட்டன் சேர்த்து, கவுண்டரில் இருப்பவர் அந்த ஆர்டரை இழுத்து, பார்த்து, பழைய 'சேவ்' வழியாகவே பில்லாக்கட்டும். டாலி என்ற கணக்கு சாப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. டாலி திறந்திருந்தால் 9000 போர்ட்டில் ஆர்டரை எக்ஸ்எம்எல் வடிவில் அனுப்பலாம், வவுச்சரை அது தன் விதிப்படி பதிந்துகொள்ளும்.

இனி நம்ம ஊருக்கே உரிய வம்பு ஒன்று. பாண்டிக்கு ஜிஎஸ்டி மாநிலக் கோடு 34, தமிழ்நாட்டுக்கு 33. பாண்டிக் கடைக்காரர் பக்கத்திலிருக்கும் கடலூருக்குச் சரக்கு அனுப்பினால் மாநிலம் தாண்டுவதால் ஐஜிஎஸ்டி. அதே கடைக்காரர் கடலூர், சிதம்பரம் எல்லாம் தாண்டி சுமார் 130 கிலோமீட்டரில் இருக்கும் காரைக்காலுக்கு அனுப்பினால், அதுவும் புதுச்சேரிதான் என்பதால், உள்ளூர் விற்பனைக்கான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். யூனியன் பிரதேசம்தானே என்று யூடிஜிஎஸ்டி போட்டுவிடாதீர்கள், சட்டசபை இருப்பதால் பாண்டிக்கு எஸ்ஜிஎஸ்டிதான். பழைய சாப்ட்வேரில் பார்ட்டி மாஸ்டரில் மாநிலக் கோடு என்று ஒரு கட்டம் இருக்கும், கணக்குப்பிள்ளை விசாரித்துக் கையால் போட்டிருப்பார். புது ஆப்பில் 'பின்கோடு போட்டால் மாநிலம் தானாக வரும்' என்று வசதி செய்து கொடுப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆரோவில் பாண்டி வரிசை எண்ணான 605101, ஆனால் தமிழ்நாடு. கோட்டக்குப்பம் 605104, அதுவும் தமிழ்நாடு. கடலூர் வரிசை எண்ணான 607402-ல் இருக்கும் பிள்ளையார்குப்பமோ புதுச்சேரி. முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாநிலம் பிடித்தால் இங்கே வரி மாறும், சரக்கோடு வண்டியில் போகிற இ-வே பில்லும் மாறும். தமிழ்நாட்டுக்குள் என்றால் 1 லட்சம் வரை இ-வே பில் வேண்டாம், மாநிலம் தாண்டினால் 50,000-க்கு மேலேயே வேண்டும். வண்டியை நிறுத்திக் கேட்கும்போது டிரைவர்தான் முழிப்பார். மாநிலத்தை ஆள் தேர்ந்தெடுக்கட்டும், ஜிஎஸ்டி எண் இருந்தால் அதன் முதல் 2 இலக்கமான மாநிலக் கோடோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வாவிட்டால் ஆப் எச்சரிக்கட்டும்.

அடுத்தது தமிழ்ப் பெயர்கள். பழைய சாப்ட்வேர் பலவற்றில் பெயர் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் கிடக்கும். 'செல்வம்' என்று திரையில் தெரிவது உள்ளே என், ஆர், ஒய், அரைப்புள்ளி, டி, கே, அரைப்புள்ளி என்ற ஏழு ஆங்கிலக் குறிகள். நாம் வைக்கும் புள்ளிதான் அங்கே அரைப்புள்ளி. அரைப்புள்ளியால் பிரித்த கோப்பாக ஏற்றுமதி செய்தால் ஒரு செல்வம் மூன்று துண்டாகிவிடுவார். யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பு எழுத்தின் வரிசையையும் திருப்ப வேண்டும்: பாமினியில் கொம்பு முதலில், எழுத்து பிறகு, யூனிகோடில் எழுத்து முதலில். 'கொ' என்பது அங்கே மூன்று குறி, இங்கே இரண்டு. இடமும் பற்றாது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், ஆக 'செல்வம்' 21 பைட். 30 பைட் கட்டத்தில் 'செல்வம் ஸ்டோர்ஸ்' முழுசாக ஏறாது. அதே கட்டத்தில் ஆங்கிலத்தில் அடித்த பெயர்களும் கலந்திருக்கும், கண்மூடித்தனமாக மாற்றினால் அவை கந்தலாகும். மாற்றத்தை நகலில் மட்டும் செய்யுங்கள். மூலத்தைத் தொட்டால் கவுண்டர் திரையில் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ரவுண்டிங்கும் இப்படித்தான். பில் தொகை 1,244.50 வருகிறது என்று வையுங்கள். விபி 6-ன் ரவுண்ட் கட்டளை சரிபாதியைப் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும், அதனால் 1,244. ஜாவாஸ்கிரிப்ட் மேலே தள்ளும், 1,245. போனில் ஒரு தொகை, பில்லில் ஒரு தொகை என்றால் கடைக்காரர் சேல்ஸ்மேன் முகத்தைத்தான் பார்ப்பார். தொகையைப் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொண்டு, பழைய விதியை அப்படியே எழுதிவிடுங்கள். எது சரியான விதி என்ற விவாதமெல்லாம் அப்புறம்.

சிக்னல் இல்லாத இடம் நிறைய. 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று புயலும் நம் கரையைத்தான் தேடி வருகிறது. ஆர்டர் முதலில் போனிலேயே பதியட்டும், நெட் வந்ததும் போகட்டும். போகும்போது பாதியில் அறுந்தால் ஆப் திரும்ப அனுப்பும், ஒரே ஆர்டர் இரண்டாகும். இதைத் தடுக்க, ஆர்டர் போட்ட நொடியிலேயே போனில் ஒரு தனி அடையாள எண் உருவாக வேண்டும், அதே எண் மறுபடி வந்தால் சர்வர் 'வந்துவிட்டது' என்று மட்டும் சொல்லணும். பில் நம்பரைப் போனில் உருவாக்காதீர்கள். ஜிஎஸ்டி விதிப்படி அது தொடர் வரிசையாக, 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். நாலு போன் நாலு இடத்தில் ஆஃப்லைனில் நம்பர் போட்டால் வரிசை எங்கே நிற்கும்?

பிரிண்டர் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். டாட் மேட்ரிக்ஸுக்குப் பழைய சாப்ட்வேர் வெறும் எழுத்தை அனுப்பும், சர்ரென்று அடிக்கும். பிரவுசர் அதைப் படமாக அனுப்பும், ஒரு பில்லுக்குள் டீ குடித்து வரலாம். ப்ளூடூத் தெர்மல் பிரிண்டரிலும் சிக்கல் உண்டு. மலிவானவை பல பழைய ப்ளூடூத் முறையில் ஓடுபவை, குரோம் பிரவுசரின் வெப் ப்ளூடூத் வசதிக்கு அவை கண்ணில் படாது. சேல்ஸ்மேன் ரசீது அடிக்கணும் என்றால் தனி ஆண்ட்ராய்டு ஆப்பே நல்லது. முதலாளி பார்க்க மட்டும் என்றால் வெப் பக்கமே போதும், இரண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள். கவுண்டரில் வெப் ஸ்கிரீன் வைத்து அந்தப் பெண்ணை மவுஸ் பிடிக்க வைப்பது பாவம்.

'ரவுட்டரில் டேட்டாபேஸுக்கான 1433 போர்ட்டைத் திறந்துவிடுங்கள், ஆப் நேராகக் கடைக் கம்ப்யூட்டருக்கே வந்துவிடும்' என்று யாராவது சொன்னால் அவரை அத்தோடு அனுப்பிவிடுங்கள். கடைக் கம்ப்யூட்டர்தான் வெளியே பேச வேண்டும், வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரக் கூடாது.

கடைசியில் ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். தினம் இரவு ஜிஎஸ்டி வகைவாரியாகக் கூட்டி, புதியதையும் பழையதையும் ஒத்துப் பாருங்கள். ஒரு ரூபாய் இடித்தால் அந்த 1,244-ஆ 1,245-ஆ கதையாக இருக்கும். ஐஜிஎஸ்டி கட்டத்தில் இடித்தால், யாரோ ஆரோவில்லைப் புதுச்சேரியில் சேர்த்திருப்பார்கள்.